செதில் ஒட்டியிருந்த பக்கம்

எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருபத்தைந்து வயது வரை இந்த வாக்கியத்தை எங்கே வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்ல முடிந்தது. சொல்லவும் செய்தேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கடைசி வரை கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மா இதே தீவுகளில் வடக்கே, ரங்கத் என்ற ஊரில் பிறந்தவள். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது, அவளை அனுப்பத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு, இப்போது தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறான். நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரி போனேன், போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்கும் வந்துவிட்டேன். என் பட்டச் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். முதலில் தலைகீழாக மாட்டியிருந்தாள். அவள் பார்க்காதபோது நான் திருப்பி மாட்டினேன்.

போர்ட் பிளேரிலேயே, ஷாதிபூர் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் அம்மா காலையில் இட்லிக் கடை போடுவாள். செய்தித்தாளில் கப்பல் அறிவிப்புகள் வரும் இடம் ஒன்று உண்டு. எந்தக் கப்பல் எந்த நாள் கிளம்பும், எது தள்ளிப்போனது, டிக்கெட் எப்போது கொடுப்பார்கள் என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். எட்டு வயதிலிருந்து அதை வாசித்துத் தமிழிலும் இந்தியிலும் சொல்வது என் வேலை. கையில் இட்லித் தட்டோடு பெரிய ஆட்கள் நின்று கேட்பார்கள். நான் ஒரு வரி வாசித்துவிட்டு வேண்டுமென்றே நிறுத்துவேன். அவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த வீட்டுக்குத்தான் எட்டு மாதங்களுக்கு முன்னால் மதினி வந்தாள். அண்ணனுடைய மனைவி. ராமநாதபுரம் பக்கத்துப் பெண், மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கியவள். “வந்து எறங்கினப்ப கொடலு மட்டுந்தான் உள்ள மிச்சம் இருந்துச்சு” என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். முறைக்கு எனக்கு மூத்தவள், வயதில் இரண்டு இளையவள். அதனால் இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றே பேசிக்கொள்வோம். என்னை அவள் ‘மேடம்ஜி’ என்று கூப்பிடுவாள். தீவின் இந்தியில் அவள் முதல் வாரமே கற்றுக்கொண்ட சொல் அது. கேலியா மரியாதையா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன். “எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“பத்தாவது ஃபெயிலு. கணக்கு எனக்கும் வரல, அந்த வாத்தியாருக்கும் வரல.”

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

இங்கே தமிழ்ப் புத்தகம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. யாராவது மெயின்லேண்ட் போகும்போது பெயரை எழுதிக் கொடுத்து, இரண்டு முறை நினைவூட்டி, திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். பாதிப் பேர் “கடை பூட்டியிருந்துச்சும்மா” என்று வெறுங்கையோடு வருவார்கள். இந்த முறை அலுவலகத்து அக்கா ஒருவர் சென்னையிலிருந்து நான் கேட்ட நாவலையே வாங்கி வந்துவிட்டார். இரண்டு மாதம் காத்திருந்து வந்த புத்தகம். முதல் பக்கத்தில் என் பெயர், தேதி, கீழே ‘போர்ட் பிளேர்’ என்று எழுதினேன். அட்டை போட்டேன். ஒரு பழைய ரங்கத் பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்கு வைத்தேன். நான் பக்கத்தை மடிப்பதில்லை. யாருக்கும் இரவல் கொடுப்பதுமில்லை.

தையல் வேலை செய்யும் ஓர் அக்கா, தங்கை பற்றிய கதை. தங்கை ஒருநாள், தனக்குப் பிடித்தவனோடு ஊரைவிட்டுப் போகிறாள். போகும்போது அக்காவின் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. மேலே என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைதான். இருந்தாலும் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று, வேலையிலிருந்து வந்து தினமும் பத்துப் பக்கம் மட்டும் வாசித்துவந்தேன்.

ஒரு திங்கட்கிழமை புத்தகத்தை எடுத்தபோது அது தானாக வேறு ஒரு பக்கத்தில் திறந்துகொண்டது. நூற்றுப் பதினெட்டு. நடுவில் ஒரு மீன் செதில், காய்ந்து, இளஞ்சிவப்பாக, சேலையில் வைத்துத் தைக்கும் ஜிகினாப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வீட்டில் சங்கரா மீன் வாங்கியிருந்தோம். என் பஸ் டிக்கெட் எண்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது.

நகத்தால் செதிலைப் பெயர்த்தேன். எழுத்தின் மேல் ஒரு சின்ன வட்டம் மினுமினுத்துக்கொண்டு நின்றுவிட்டது. புத்தகம் அழுக்கானதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் இன்னும் போகாத இடத்துக்கு ஒருத்தி முன்னாலேயே போய், மீன் கையோடு உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை அலுவலகத்தில் கரண்ட் போய் மத்தியானமே விட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு லேசாகச் சாத்தியிருந்தது. உள்ளே மதினியின் குரல். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மதினி வாசித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் கழித்துத் தங்கையிடமிருந்து அக்காவுக்குக் கடிதம் வரும் இடம். தங்கையின் வரிகளை மட்டும் மூக்கடைத்தது போன்ற ஒரு குரலில் வாசித்தாள். நடுவில் அம்மா குறுக்கிட்டாள்.

“இருவது வருசம் கழிச்சு லெட்டர் போடுறாளாக்கும்! மொதல்ல மிஷினத் திருப்பிக் குடுக்கச் சொல்லு அவள!”

“நான் சொல்றேன் அத்தே, இருங்க. அவ மேல எழுதியிருக்கா.”

“என்ன எழுதுனா என்ன? ஒரு லாத் குடுத்தா எல்லாம் சரியாப் போகும்.”

அம்மா சிரித்தாள். இடையில் அருவாமனையில் ஏதோ நறுக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

நானும் அம்மாவுக்கு வாசித்திருக்கிறேன். கல்லூரி நாட்களில், அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்ற ஆசையில். நான் புத்தகத்தை எடுத்தாலே அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் உட்காருவது போல நிமிர்ந்து உட்காருவாள். மூன்றாவது பக்கத்தில் தூங்கிவிடுவாள். எழுப்பினால், “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்பாள். என் வாசிப்பின் போது அவள் ஒருநாளும் யாரையும் உதைக்கச் சொன்னதில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான களைப்போடு வீட்டுக்குப் போனேன். புத்தகம் அதன் இடத்தில் இருந்தது. டிக்கெட் நான் வைத்த பக்கத்தில், நான் வைத்த சாய்விலேயே இருந்தது. அந்தக் கவனம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை அலுவலகம் போகும்போது புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் ஹேவ்லாக் தீவுக்குப் போவதாக இருந்தது. அது என் ஏற்பாடு. ரங்கத்துக்குப் போகும் படகு வழியில் ஹேவ்லாக்கில் நின்று போகும். அம்மா சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை அந்தப் படகில் போயிருக்கிறாள். மேலே நின்று ஜெட்டியை, அந்தப் படகுத்துறையை, பார்ப்பாளே தவிர ஒருமுறையும் இறங்கியதில்லை. “எறங்கி என்ன செய்ய? நமக்கு அங்க யாரு இருக்கா?” என்பாள். வேலை கிடைத்தால் முதலில் உன்னை அங்கே இறக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அண்ணன் கப்பலில் இருந்தான். நாங்கள் மூன்று பெண்கள் மட்டும்.

வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுக்கப் போனேன். எனக்கும் அம்மாவுக்கும் தீவுக்காரர் அட்டை உண்டு. மதினிக்கு இன்னும் வரவில்லை. அதனால் அவளுக்கு மெயின்லேண்ட் ஆள் கணக்கில் தனி டிக்கெட். கவுண்டரில் இருந்தவர், “தீனோ ஏக் சாத் சாஹியே?” என்று கேட்டார். மூன்றும் சேர்ந்தாற்போல் வேண்டுமா என்று அவராகவே கேட்டார். “எப்படி வருதோ அப்படிக் குடுங்க” என்றேன். எனக்கும் அம்மாவுக்கும் முன்னால் நான்காவது வரிசை வந்தது. மதினிக்குக் கடைசியில். வெளியே வரும்போது என் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

ஞாயிறு விடியற்காலைப் படகு. துறைமுகத்தின் வாயைத் தாண்டியதும் படகு ஆடத் தொடங்கியது. நான் கைப்பையிலிருந்து நாவலை எடுத்தேன்.

“அம்மா, இந்தக் கதையை வாசிக்கட்டா?”

அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ம், வாசி ஆத்தா.”

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். இரண்டாவது பக்கத்தில் அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம். மதினிக்குப் பக்கத்தில் ஒரு பெங்காலி அம்மாள், ஹேவ்லாக்கில் டீக்கடை வைத்திருப்பவள், உட்கார்ந்திருந்தாள். மதினி தனக்குத் தெரிந்த பத்து இந்திச் சொற்களையும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கையைச் சுழற்றித் தையல் மிஷின் ஓட்டினாள். பிறகு அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினாள், உட்கார்ந்தபடியே. என் நாவல்தான்.

“இந்தக் கத எனக்குத் தெரியும்த்தா” என்றாள் அம்மா, ரகசியம் சொல்வதுபோல. “நீ ஆபீஸ் போனப்பறம் அவ வாசிச்சுச் சொல்லுவா. உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். பாவம், அவ ஒத்தையில ஒக்காந்திருக்கா. நான் போயி தோடா பாத்துட்டு வாறேன்.”

போனவள் வரவில்லை. பெங்காலி அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் சீட்டுக்கு, கயிறு போட்டுக் கட்டிய ஐந்து தட்டு முட்டைகள் வந்து சேர்ந்தன. அந்த அம்மாளுடைய முட்டைகள்.

“பேட்டி, தோடா பகடோ” என்று, கொஞ்சம் பிடித்துக்கொள் மகளே என்று, அவள் பின்னாலிருந்து கத்தினாள்.

படகு ஒவ்வொரு அலைக்கும் சாய்ந்தபோது நான் ஒரு கையால் முட்டைகளைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் பக்கத்தைத் திருப்ப முயன்று பார்த்தேன். முடியவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, ஹேவ்லாக் வரும்வரை இரண்டு கைகளாலும் முட்டைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் என் கதை ஓடிக்கொண்டிருந்தது.

ஜெட்டியில் இறங்கியதும் அம்மா காலைக் கீழே ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். இறங்கி வந்த படகின் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தாள். “அங்கனருந்து பாக்கும்போது பெருசாத் தெரிஞ்சுச்சு” என்றாள். பிறகு பஸ்ஸில் ஏறும்வரை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சந்தோஷம்தான். அந்த ஒரு பத்து நிமிடம் அது முழுக்க என்னுடையது.

ஏழாம் நம்பர் கடற்கரையில் மரத்தடியில் பெட்ஷீட்டை விரித்தோம். அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் வரை தண்ணீரில் நின்றாள். அலை வரும்போதெல்லாம் “அரே பாப்ரே” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். மதினி அதை அண்ணனுக்கு அனுப்பப் போனில் படம் எடுத்தாள். பசித்தபோது புளிச்சோறும் வறுத்த மீனும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிய ஈரத்தோடு அம்மா மதினியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“சரி, இப்பவாச்சும் சொல்லு. அந்த அக்காகாரி ரயில் ஏறிட்டா. அப்பறம்? மூணு நாளா இழுத்தடிக்கிறியே.”

மதினி என்னை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் மணலைக் கையில் அள்ளி, மெதுவாக விட்டுக்கொண்டே சொன்னாள்.

“ரயிலு விட்டு எறங்கி, வெலாசம் கேட்டுக் கேட்டுப் போறா. சின்ன வீடு. கதவத் தட்டுறா. தங்கச்சிதான் வந்து தொறக்கிறா. பாதித் தலை நரைச்சுப் போச்சு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே நிக்கிறாக. ஒருத்தருக்கும் பேச்சு வரல. அப்ப தங்கச்சி சொல்றா, ‘வந்துட்டியா? பாபின்ல நூலு சிக்கிக்கிருச்சு. வந்து எடுத்துக் குடு’ன்னு.”

அம்மா தொடையில் ஓங்கித் தட்டினாள். சிரித்தாள், உடனே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். “வாஹ்! பக்கா! வேற என்னத்தக் கேப்பா அவ? இருவது வருசமா அந்த நூலச் சிக்கெடுக்க ஆளில்லாமக் கெடந்திருக்கா!”

என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“கதையில அப்படி இல்லை” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“அக்கா போய்ச் சேர்றதுக்குள்ள தங்கச்சி செத்துப்போயிருவா. வீட்டுல மிஷின் மட்டும்தான் இருக்கும். அதோட கதை முடியுது.”

நான் அப்போது நூற்று நாற்பத்தாறாம் பக்கத்தில் இருந்தேன். புத்தகம் இருநூற்று நாற்பது பக்கம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிய புத்தகங்களில் யாராவது சாவார்கள், அதைத் தாங்கிக்கொள்ளும் பக்குவம் படித்தவர்களுக்குத்தான் உண்டு என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

“நீ முடிச்சிட்டியா?” என்றாள் அம்மா.

“முடிச்சிட்டேன்.”

“அப்ப இவ சொன்னது?”

“அவங்க சரியாப் படிச்சிருக்க மாட்டாங்க.”

மதினி கையிலிருந்த மிச்ச மணலைத் தட்டிவிட்டாள். “அப்படித்தான் இருக்கும் அத்தே. அவசரத்துல நாலு பக்கம் தாண்டியிருப்பேன். பத்தாவது ஃபெயிலுதான நான்?”

அம்மா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “செத்துப்போச்சா” என்றாள். பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் அடுக்கினாள். அதற்குப் பிறகு அவள் தண்ணீர்ப் பக்கம் போகவே இல்லை. ஜெட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் இரண்டு முறை, யாரிடமும் இல்லாமல், “அம்புட்டு தூரம் போயி...” என்று சொன்னாள். என் வாழ்க்கையில் நான் அவளுக்கு வாசித்துச் சொன்ன எதுவும் அவளை இப்படித் தொட்டதில்லை. இதையும் நான் வாசிக்கவில்லை.

திரும்பும் படகில் அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். படகு கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் நாவலை எடுத்தேன். பத்துப் பக்கக் கணக்கெல்லாம் போனது. மேலே டிவியில் ஏதோ இந்திப் படம் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ வாந்தி எடுத்தார்கள், வெளியே இருட்டியது. போர்ட் பிளேரின் விளக்குகள் தெரியத் தொடங்கும்போது கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தேன்.

தங்கை சாகவில்லை. பாபினில் நூலும் சிக்கவில்லை. அக்கா அந்த வீட்டு வாசல்வரை போகிறாள். உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. யாரோ சிரிக்கிறார்கள். அக்கா தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு கதவைத் தட்டாமலே திரும்பி ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள்.

புத்தகத்தை மூடினேன். திறந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி வாசித்தேன். காது இரண்டும் சுட்டன. தூங்குகிற அம்மாவைப் பார்த்தேன், ஏதோ அவள் பார்த்துவிட்டது போல.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் அந்தப் பாபின், அந்த நூல், ‘வந்துட்டியா’ என்ற அந்த ஒரு சொல், இதெல்லாம் எங்கிருந்து வந்தன? இந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. தாண்டிப் படித்தாலும் வராது. அதுவரை அவள் என் புத்தகத்தை வாசிக்கிறாள் என்றுதான் பொறாமைப்பட்டேன். பிறகு அம்மாவுக்கு நன்றாக வாசிக்கிறாள் என்று. இப்போது வந்தது வேறு மாதிரி இருந்தது. அந்த முடிவை அவளே உண்டாக்கியிருக்கிறாள்.

ஷாதிபூர் போகும் பஸ்ஸில் கூட்டம். அம்மாவுக்கு முன்னால் உட்கார இடம் கிடைத்தது. நானும் மதினியும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் என் காதருகே குனிந்தாள்.

“மேடம்ஜி, உள்ளதச் சொல்லுங்க. கடைசியில என்னதான் ஆச்சு?”

“நீங்கதான் படிச்சிட்டீங்களே.”

“எங்க படிச்சேன்? புதன்கிழம வரைக்கும் எரநூறு பக்கம் வந்தேன். வியாழக்கிழம பாத்தா பீரோ பூட்டிக் கெடக்கு. அத்தே நச்சரிச்சுக்கிட்டே இருந்தாக. என்ன செய்யச் சொல்றீங்க? நானா ஒண்ணச் சொன்னேன்.” குரலில் கோபமே இல்லை. சந்தை விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்ப நான் சொன்னதுக்கு ஏன் ஆமாம்னீங்க? உங்களுக்கு முடிவே தெரியாதே.”

“உங்களுக்குந்தான் தெரியாது.” அவள் சிரித்தாள். “புதன்கிழம உங்க பஸ் டிக்கெட்டு நூத்தி ஆறாம் பக்கத்துல இருந்துச்சு. நீங்க தெனம் பத்துப் பக்கம். நாலு நாளுல எரநூத்தி நாப்பது வருமா? கணக்குல ஃபெயிலுதான் நான். இதுகூடவா வராது?”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். கடற்கரையில், அம்மா முன்னால், அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“அத்தேக்கு நீங்கன்னா உசுரு” என்றாள் மதினி, என் முகத்தைப் பார்க்காமல். “எல்லார்ட்டயும் என்ன சொல்லுவாக தெரியுமா? எம்மக படிக்காத புத்தகமே இல்லன்னு.”

முடிவை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. அதையாவது எனக்கென்று ஒருநாள் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் நாவலைப் பீரோவில் வைத்தேன். பூட்டவில்லை. சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்தது பாதிக்கு மேல் தப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, நடுவில் முறத்தில் சின்ன வெங்காயத்தைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சுத்தமான துண்டை விரித்து, அதன்மேல் என் புத்தகம்.

“ஏத்தா, வந்துட்டியா!” என்றாள் அம்மா. “அந்தத் தங்கச்சி சாகலையாமே! இவ இன்னைக்கு நிதானமா வாசிச்சா. ஒருத்தரும் சாகல. நீயும் அவசரத்துல தாண்டிட்டியா?”

நான் மதினியைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். “மேடம்ஜிக்கு ஆபீஸ்ல ஆயிரம் வேல அத்தே. தாண்டத்தான் செய்யும்.”

“ஆமா, தாண்டிட்டேன்” என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது. அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நான் எப்போதும் தப்பாகவே கணக்குப் போட்டிருக்கிறேன்.

“ஆனா அந்த முடிவு நல்லால்ல” என்றாள் அம்மா. “வாசல் வரைக்கும் போயி, உள்ள சிரிக்கிற சத்தத்தக் கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டாளாம். கூறுகெட்டவ! கதவு என்ன, கடிச்சா வச்சிரும்? புத்தகத்துல இருந்தா இருக்கட்டும், நமக்கு வேணாம்னு சொல்லிட்டேன். இவ வேற சொல்றேன்னா. நீ வரட்டும்னுதான் நிப்பாட்டி வச்சிருக்கு. ஜல்தி ஒக்காரு.”

மதினி முறத்தை என் பக்கம் தள்ளினாள். “சும்மா ஒக்காந்து கேக்க முடியாது மேடம்ஜி. உரிச்சாத்தான் கத.”

அலுவலக உடையை மாற்றாமலே தரையில் உட்கார்ந்தேன். பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. அது எனக்கும் அவளுக்கும் நடுவில், அந்த முறத்துக்குப் பக்கத்திலேயே, தானும் உரிக்க வந்ததுபோல உட்கார்ந்திருந்தது. முதல் வெங்காயத்திலேயே கண் கரித்தது.

“அக்காகாரி ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்துட்டா” என்று மதினி ஆரம்பித்தாள். “வந்து பாத்தா ரயிலு லேட்டு. நம்ம கப்பல் மாதிரி. இன்னைக்குக் கெளம்பும், நாளைக்குக் கெளம்பும்ங்கிறாக, ஒண்ணுங் கெளம்பல. சரின்னு பெஞ்சில ஒக்காந்திருக்கா. அப்ப எதுத்த பிளாட்பாரத்துல ஒரு பொம்பள, தலையில ஒரு தையல் மிஷினத் தூக்கி வச்சுக்கிட்டு...”

ரயிலெல்லாம் அவ்வளவு தாமதமாக வராது என்று திருத்தத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். மதினி புறங்கையால் கண்ணைத் துடைக்கக் கதையை நிறுத்தினாள்.

“அப்புறம்?” என்று கேட்டது அம்மா இல்லை.